மின்னணு இசை, கணினி இயற்றிய இசை: இன்னும் மனதை விடாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

நடுராத்திரி ரேடியோ:
அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். துணைக்கு நான். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தை ஓடவிட்டிருந்தேன். வெறும் குரல்கள் மட்டும் வருமே, அந்த இரண்டாவது துண்டு. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அக்கா, "என்ன தம்பி, பாட்டா?" என்று இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அரை நிமிஷம் கழித்து, "சிக்னல் இல்ல போல, விட்டு விட்டு வருது" என்றார். இசையே அப்படித்தான் என்றேன். நம்பவில்லை. ஆனால் இயர்போனைத் திருப்பித் தரவும் இல்லை. ஒரு கையில் மருந்துத் தட்டு. இன்னொரு கை விரலால் கட்டில் கம்பியில் தட்டி, அடுத்த குரல் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே நின்றார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தப்பியது. ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்து மணி அடித்தார்கள், போய்விட்டார். மறுநாள் டூட்டி மாறிவிட்டது. இப்போது அதை எங்கே கேட்டாலும் என் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

பழைய டேப்:
தப்பத்தான் செய்யும். ஒவ்வொரு குரலும் தனித்தனி டேப் சுருளில் திரும்பத் திரும்ப ஓடுகிறது: ஒரு சுருள் 23.5 விநாடிக்கு ஒருமுறை திரும்பும், இன்னொன்று 26-க்குச் சற்று முன்னால், மற்றொன்று 30-ஐ ஒட்டி. இவை ஒன்றுகூடுவது லேசில் நடக்காது. ஆனால் அது 1978-இன் டேப் சுருள் வேலை, கணினி இயற்றியதில் சேராது. அந்தக் கதையை 1957-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் என்ற கணினியை வைத்துச் செய்த 'இல்லியாக் சூட்'டில் இருந்து தொடங்க வேண்டும். கணினி எண்களை வாரி இறைத்தது, விதிக்குள் அடங்கிய சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள், வாசித்தது நான்கு மனிதர்கள். வீட்டில் போட்டேன். சமையலறையில் இருந்து மனைவி, "பக்கத்து வீட்டுல வயலின் கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றாள். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

குளிர்காலக் குருவி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க், சர்ச் தெரு 275. இசையமைப்பாளர் லா மான்டே யங்கின் 'ட்ரீம் ஹவுஸ்' என்ற ஒலி-ஒளி அறை, 1993 முதல் அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் வெள்ளைக் கம்பளம், அவர் மனைவி மரியன் ஸஸீலா அமைத்த கத்தரிப்பூ வெளிச்சம், நிற்காமல் ஒலிக்கும் சைன் அலைகள், அதாவது கலப்பில்லாத ஒற்றைச் சுரங்கள். ஐந்தே நிமிஷத்தில் எனக்கு அலுத்துவிட்டது. நடுவில் ஒரு வயதான பெண்மணி தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். தூங்கி வழிகிறார் என்று நினைத்தேன். மணி பார்க்கத் தலையைத் திருப்பினேன், சுரம் மாறியது. நிமிர்ந்தேன், பழைய சுரம். தலை இருக்கும் இடத்துக்கேற்ப அலைகள் கூடியும் கழிந்தும் கேட்கின்றன. அந்த அம்மா தூங்கவில்லை, வாசித்துக்கொண்டிருந்தார்! திரும்பி வரும்போது ரயிலிலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
பழைய டேப் அண்ணை, ஆர் இயற்றினது என்டு பார்த்தால் ஒன்றையும் கேட்க ஏலாது. லண்டன் ட்ரினிட்டி போய் வார்ஃப் கலங்கரை விளக்கத்தில் ஜெம் ஃபைனரின் 'லாங்பிளேயர்' என்ட ஆயிரம் வருச இசை ஓடுது. திபெத்திய உலோகக் கிண்ணங்களில் வாசித்த 20 நிமிடம் 20 விநாடி இசை ஒன்று, அதில் ஆறு இடங்களைக் கணினி ஒரே நேரத்தில் எடுத்து ஒலிக்கவிடும். 1999 டிசம்பர் 31 நண்பகல் தொடங்கினது, 2999 முடிவில்தான் ஒரு சுற்று முடியும். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். "எப்ப முடியும்?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துப்போட்டு, "அப்ப நாங்கள் இப்பவே போனா என்ன?" என்றாள்.

காதுமடல்:
நடுராத்திரி ரேடியோ, முதலில் அந்த இயர்போனைத் தூக்கிப் போடுங்கள். இந்த வகை இசைக்கு அறை வேண்டும், இரண்டு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வரவே வராது, பாதி இசை போய்விடும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள், பேச்சுக்குரல் அளவுக்குக் கீழே. சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், குறிப்பாகத் தயிர்ச்சாதம். பழக்கம் இல்லாதவர்கள் பதினைந்து நிமிஷம் மின்னணுத் தம்புராவை மட்டும் கேட்டுவிட்டு வரலாம், காது நிதானப்படும். அதற்குப் பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராதீக். ஏஆர்பி 2500 என்ற சின்தசைசர் கருவியைக் கீபோர்டே இல்லாமல், குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் செய்தவர். 1993-இல் செய்து முடித்த 'த்ரிலோஜி த லா மோர்' ஏறக்குறைய மூன்று மணிநேரம், நீண்ட ரீங்காரம். தவணை முறையில் கேட்காதீர்கள், பலன் இல்லை. என் அனுபவம் என்றால், அதைக் கேட்கும்போது பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரை அணைக்கப் பார்த்தேன். மோட்டார் ஓடவே இல்லை.

நடுராத்திரி ரேடியோ:
ஸ்பீக்கர் யார் சார் கேட்டது? பழைய டேப், அந்த 23.5 கணக்கைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அப்பாவுக்குச் செக்கப். அந்த அக்கா டூட்டியில் இருந்தால் கொடுத்துவிட்டு வருகிறேன்.