கேம்பர் கூரை ஒரு மூலையில் சிக்கி நிற்கிறது

வணக்கம். பழைய பாப்-அப் கேம்பரின் (காரின் பின்னால் இழுத்துப்போய், கூரையை உயர்த்தித் தங்கும் மடக்கு வண்டி) கூரை பாதியில் மாட்டிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

1997 மாடல், 12 அடி பெட்டி, கையால் சுற்றும் வின்ச் (கேபிளைச் சுற்றி இழுக்கும் உருளை), கூரையில் ஏசி கிடையாது. போன மாதம் ஒஹாயோவில் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு அடிச்சட்டத்தை நன்றாகவே தின்றிருக்கிறது.

வின்ச் கேபிள் வண்டிக்கு அடியில் நான்காகப் பிரிந்து, மூலைக்கொரு ஸ்பிரிங்கைக் குழாய் வழியாகத் தள்ளி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த கம்பங்களை உயர்த்தும் வகை. பின் வலது மூலை ஓர் அடியில் நின்றுவிட்டது. மற்ற மூன்றும் அதைத் தாண்டியதும் கூரை சாய்ந்தது, கைப்பிடியும் இறுகியது. அங்கேயே நிறுத்தினேன், மேலும் சுற்றினால் கேபிள்தான் அறும். இப்போது நான்கு மூலையிலும் டூ-பை-ஃபோர் கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது.

கேபிளில் பிரிந்த இழை இல்லை. கப்பிகள் சுழல்கின்றன. கம்ப இணைப்புகளில் சிலிகான் ஸ்பிரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. (கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கும்.) வின்ச்சைத் தளர்த்தினால் அந்த மூலையின் கேபிள் தொய்கிறது, கம்பம் இறங்குவதில்லை. ஜாக்கால் மெல்லத் தூக்கினாலும் அப்படியே. ஆக, கேபிள் கோளாறு அல்ல. உள்குழாய் துருவேறியோ வளைந்தோ பிடித்திருக்கிறது.

கம்பத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால் கேட்கிறேன்: முதலில் கூரை பிராக்கெட்டைக் கழற்றுவதா, அடியில் கேபிளை விடுவிப்பதா?