லூப் மாறி, குளோஷர்: பைத்தான் மட்டும் ஏன் இப்படி?

நண்பர்களே, ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஃபார் லூப்பை 0, 1, 2 என்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியைத் திருப்பித் தரும் ஒரு லாம்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்; வெளியே உள்ள மாறியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இது ஒரு குளோஷர்) பட்டியலில் சேர்த்து, லூப் முடிந்தபிறகு வரிசையாக அழைத்தால் பைத்தான் 3.12 எனக்கு 2, 2, 2 என்று தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் லூப் மாறியை லெட் போட்டு அறிவித்தால் 0, 1, 2 சரியாக வருகிறது. சி ஷார்ப் 2012-லேயே ஃபார்ஈச்சில் இதைத் திருத்திவிட்டது, கோ மொழியும் 2024 பிப்ரவரியில் 1.22 பதிப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி என்று மாற்றிக்கொண்டது.

லாம்டாவுக்கு டீஃபால்ட் ஆர்குமென்ட்டாக மாறியைக் கொடுத்துப் பார்த்தேன், பார்ஷியலும் (ஆர்குமென்ட்டை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் கருவி) முயன்றேன், இரண்டிலும் விடை சரியாக வருகிறது. ஆனால் எனக்கு வேண்டியது மாற்றுவழி இல்லை, காரணம். பைத்தானில் லூப்புக்குத் தனி ஸ்கோப் (மாறி செல்லுபடியாகும் எல்லை) கிடையாது, லூப் முடிந்த பிறகும் மாறி உயிரோடு இருக்கிறது, அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அதே லாம்டாவை லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்குள் (ஒரே கோவையில் லூப் ஓட்டிப் பட்டியல் உருவாக்கும் வடிவம்) எழுதினேன். பைத்தான் 3-ல் அதன் மாறி வெளியே கசிவதே இல்லை, இருந்தும் அதே 2, 2, 2! ஸ்கோப் காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்த வாரம் எங்கள் குழுவுக்கு இந்த மொழிகளை ஒப்பிட்டு விளக்க வேண்டும்.

காம்ப்ரிஹென்ஷனுக்குள் மட்டுமாவது ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி கொடுத்தால், இன்று ஓடும் எந்த மாதிரி பைத்தான் கோடு உடையும்?