அவசரம்: அம்மா அப்பா டல்லாஸ் டிக்கெட், நேரம் மாத்திட்டாங்க. ஏஜென்ட் கிட்டயே போட்டிருக்கணுமா?

காவேரிக்கரை_டல்லாஸ்
ஆன்லைன்ல போட்ட டிக்கெட். நேத்து மெயில் வந்திருக்கு, ஃப்ளைட் நேரம் மாறிடுச்சு, ஏத்துக்கறீங்களான்னு ஒரு பட்டன். புது நேரப்படி போனா அடுத்த ஃப்ளைட்டைப் பிடிக்கவே முடியாது. ஏர்லைனுக்கு போன் போட்டா "உங்க ஏஜென்டைக் கேளுங்க"ங்கறான். நான் எந்த ஏஜென்ட் கிட்ட போனேன்? என் கார்டுல நானே போட்டது. சைட்ல சாட் பண்ணா மெஷின்தான் பேசுது. ஏர்லைன் சைட்ல நம்பர் அடிச்சா அப்படி ஒரு புக்கிங்கே இல்லைங்குது. ரெண்டு பேருக்கும் 65க்கு மேல, முதல் தடவை வர்றாங்க. பேசாம ஊர்ல ஏஜென்ட் கிட்டயே போட்டிருக்கணுமோ? பட்டனை அமுக்கட்டுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்க.

ஜன்னலோரம்
எந்த ஊர்ல இருந்து கிளம்பறாங்க? தேதி என்ன? மாறினது முதல் ஃப்ளைட்டா ரெண்டாவதா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்கு? இதெல்லாம் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் பாக்கணும்.

ஐயாட்டா_அண்ணாச்சி
தம்பி, முதல்ல அந்தப் பட்டன்ல கைய வைக்காதீக. அமுக்கிட்டா புது நேரத்துக்கு நீங்க சம்மதிச்சதா ஆயிரும். அதுக்கப்புறம் இலவசமா மாத்தவும் முடியாது, பணத்தைத் திருப்பிக் கேக்கவும் முடியாது.

"நான் எந்த ஏஜென்ட் கிட்ட போனேன்"னு கேட்டீகளே, அந்த சைட்தான் உங்க ஏஜென்ட். கடைக்குப் பதிலா செயலி வச்சிருக்கான், அவ்வளவுதான். டிக்கெட்டை யார் அடிச்சாகளோ அவுகதான் அதைத் திருத்தணும். ஏர்லைன்காரன் பொய் சொல்லல.

மைல்ஸ்_மச்சான்
ப்ரோ, வாதாடிட்டு இருக்காதீங்க, கார்டு பேங்க்ல சார்ஜ்பேக் (கட்டின பணத்தைத் திருப்பிக் கேக்கற புகார்) போடுங்க. அமெரிக்கா போற ஃப்ளைட்டுக்கு 6 மணி நேரத்துக்கு மேல மாறினா முழுப் பணமும் திரும்பத் தரணும்னு 2024ல இருந்து அங்க சட்டமே இருக்கு. அடுத்த தடவை இன்காக்னிட்டோல தேடுங்க, பத்தாயிரம் குறையும்.

முனையம்_மூன்று
இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கேள்வியே தவறு. "ஆன்லைனா ஏஜென்டா" என்று இரண்டு வழி கிடையாது. ஏர்லைனின் சொந்தத் தளம், இணைய ஏஜென்ட், தெருமுனை ஏஜென்ட் என்று மூன்று வழி. நீங்கள் போனது நடுவழி. முதல் வழியின் உரிமையும் அதில் இல்லை, மூன்றாவது வழியின் ஆளும் இல்லை.

பதிவிடுபவர் தயவுசெய்து 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பார்க்கவும். அதைப் பார்க்காமல் யார் சொல்லும் யோசனையும் செல்லாது.

காவேரிக்கரை_டல்லாஸ்
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். திருச்சி - சென்னை - லண்டன் - டல்லாஸ். அடுத்த வாரம் வெள்ளி. திருச்சி ஃப்ளைட் வியாழன் ராத்திரி 8:10க்கு இருந்தது, இப்ப வெள்ளி காலை 7 மணின்னு மாத்திட்டாங்க. சென்னைல லண்டன் ஃப்ளைட் வெள்ளி விடியக்காலை 5:35. எல்லாம் ஒரே டிக்கெட்தான், ஒரே பேமென்ட்.

ஜன்னலோரம்
ஒரே பேமென்ட்னா ஒரே டிக்கெட்னு அர்த்தம் இல்லை. மெயிலோட வந்த பிடிஎஃப்ல கீழே போய் ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் நேரா ஆறு எழுத்துல பிஎன்ஆர்னு ஏர்லைனோட புக்கிங் குறியீடு இருக்கும். மூணுக்கும் ஒண்ணா, இல்ல திருச்சி ஃப்ளைட்டுக்கு மட்டும் வேறயா? மேலே பெரிசா போட்டிருக்கிற நீள நம்பர் அந்த சைட்டோட சொந்தக் கணக்கு. அதைத்தான் ஏர்லைன் சைட்ல அடிச்சிருப்பீங்க, அதான் இல்லைங்குது.

ஐயாட்டா_அண்ணாச்சி
அதோட டிக்கெட் நம்பரையும் பாருங்க. முதல் மூணு இலக்கம் எந்த ஏர்லைன் டிக்கெட்னு சொல்லிரும். 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 157 கத்தார், 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர். உள்ளூர்ல ஓடுத மலிவு விலைக்காரங்க சிலருக்கு இந்த 13 இலக்கமே இருக்காது, பிஎன்ஆர் மட்டும்தான்.

காவேரிக்கரை_டல்லாஸ்
திருச்சிக்கு வேற பிஎன்ஆர். டிக்கெட் நம்பர்னு போட்ட இடத்துலயும் அதே ஆறு எழுத்துதான் இருக்கு. லண்டன், டல்லாஸ் ரெண்டுக்கும் ஒரே பிஎன்ஆர், நம்பர் 125ல ஆரம்பிக்குது. ஆனா அந்த பிஎன்ஆர் அடிச்சாலும் அம்மா பேருக்குத் திறக்க மாட்டேங்குது.

முனையம்_மூன்று
எதிர்பார்த்ததுதான். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம் போலக் காட்டி விற்றிருக்கிறார்கள். வாங்கும் பக்கத்தில் "நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்" என்று பொடி எழுத்தில் இருந்திருக்கும். லண்டன் ஏர்லைனுக்கு உங்கள் பெற்றோர் திருச்சியிலிருந்து வருவதே தெரியாது. சென்னையில் நேரத்துக்கு வராவிட்டால் அது வராத பயணி கணக்கு, முழு டிக்கெட்டும் போகும்.

மைல்ஸ் மச்சான் சொன்ன 6 மணி நேர விதி உண்மைதான், ஆனால் அமெரிக்கா போகும் அந்த டிக்கெட்டில் மாற்றம் இருந்தால்தான். மாறியிருப்பது தனியாக நிற்கும் திருச்சி - சென்னை. அதற்கு அமெரிக்கச் சட்டம் வராது.

மைல்ஸ்_மச்சான்
சரி, அதுக்குத்தான் சார்ஜ்பேக்.

கணக்குப்பிள்ளை
சார்ஜ்பேக் மட்டும் வேண்டாம். ஒரே தொகையாக ஒரே கார்டில் போயிருக்கிறது, தகராறு மொத்தத்துக்கும் போகும். பேங்க் பணத்தைப் பிடித்து வைத்ததும் சைட்காரன் இன்னும் பறக்காத லண்டன் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடலாம். எட்டாயிரம் ரூபாய் உள்ளூர் டிக்கெட்டுக்காக அதைக் கையில் எடுப்பானேன்?

ஐயாட்டா_அண்ணாச்சி
தம்பி, ரெண்டு டிக்கெட்டா இருக்கது உங்களுக்கு இப்ப நல்லதுதான். கவனமா கேளுங்க.

ஒரே டிக்கெட்டா இருந்தா முதல் ஃப்ளைட்ல ஏறாம விட்டா மிச்சம் எல்லாம் தானா ரத்தாயிரும், திரும்பி வர்றதும் சேர்த்து. உங்களுக்கு அப்படி இல்ல. திருச்சி டிக்கெட்டைத் தூக்கி எறிஞ்சாலும் லண்டன் டிக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ரயில்லயோ கார்லயோ சென்னைக்குப் போயிரலாம்.

ரத்து பண்ணும்போது ரெண்டு விஷயம். சைட்ல "பயணத்தை ரத்து செய்"னு ஒரே பட்டன் இருக்கும், அது மூணு ஃப்ளைட்டையும் சேர்த்து அடிச்சாலும் அடிச்சிரும். திருச்சி ஃப்ளைட்டை மட்டும் தேர்ந்தெடுக்க விடுதான்னு பாருங்க. விடலைன்னா உள்ளூர் ஏர்லைனோட சைட்லயே பிஎன்ஆரும் கடைசிப் பேரும் போட்டுப் போங்க. மின்னஞ்சல் கேட்டா உங்களோடது ஏத்துக்காது, ஏஜென்ட் தன்னோடதைப் போட்டிருப்பான். அதனால பேரை வச்சே போங்க. பணம் நேரா உங்க கார்டுக்கு வராது, ஏஜென்டோட கணக்குக்குப் போய் அங்கிருந்துதான் வரும்.

ஃப்ளைட் நேரத்தை மாத்தினது அவுகதான், நீங்க இல்ல. மாற்று ஃப்ளைட்டா பணமான்னு தேர்ந்தெடுக்கிறது பயணியோட உரிமைன்னு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) விதி சொல்லுது. "ரத்துக் கட்டணம் போக மீதி"ன்னு காட்டினா ஒத்துக்கிடாதீக.

பல்லாவரம்_பயணி
எப்படியும் அந்த உள்ளூர் ஃப்ளைட் வேஸ்ட்தான். லக்கேஜ் யோசிச்சீங்களா? அமெரிக்கா டிக்கெட்ல ஆளுக்கு 23 கிலோ பெட்டி ரெண்டுன்னு வச்சுக்குங்க (பிடிஎஃப்ல பாருங்க, மலிவு கட்டணம்னா ஒண்ணுதான்). உள்ளூர்ல ஆளுக்கு 15 கிலோ. ஒரே டிக்கெட்டா இருந்தா 46 கிலோவும் திருச்சியிலிருந்தே செல்லும். தனி டிக்கெட்டுக்கு அது கிடையாது. ரெண்டு பேருக்கு 62 கிலோ அதிகம், கவுண்டர்ல கிலோ கணக்குல காசு கேட்பாங்க. முறுக்கும் ஊறுகாயும் அந்த விலைக்குத் தாங்காது.

வைகையோ வந்தே பாரத்தோ பிடிச்சா காலையில திருச்சியில ஏறி மத்தியானம் தாம்பரம். எழும்பூர் வரைக்கும் போக வேண்டாம், தாம்பரத்துல இறங்கினா ஏர்போர்ட் பக்கம். நாலு பெட்டின்னா கார் நல்லது, ஆறு மணி நேரம் வச்சுக்குங்க. செங்கல்பட்டு தாண்டி நெரிசல் இருக்கும்.

ஜன்னலோரம்
அம்மா பேருக்குத் திறக்கலைன்னு சொன்னீங்களே, எந்தப் பேரை அடிச்சீங்க? பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் கட்டம் காலியா?

காவேரிக்கரை_டல்லாஸ்
ஆமா காலி. அம்மா பேர் மட்டும்தான் இருக்கு. சைட்ல கடைசிப் பேர் இல்லாம விடல, அப்பா பேரைப் போட்டேன். தப்பா?

முனையம்_மூன்று
தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளின் நித்திய கண்டம். இதைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் ஏர்லைனுக்குக் குடும்பப் பெயர். பின்னால் இருப்பதோடு மரியாதைச் சொல்லும் ஒட்டிக்கொண்டு "ராமசாமி/சரஸ்வதிமிசஸ்" என்பது போல வரும், அது பிழை அல்ல. முன்னால் இருப்பதை அடித்துத் திறக்கவும்.

ஆனால் பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் இருப்பது சிக்கல். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சில ஏர்லைன்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறி, முன்பெயர் இடத்தில் எஃப்என்யு என்று இருக்கும். "முன்பெயர் தெரியாது" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது, பயப்பட வேண்டாம். விசாவின் நகலோடு பெயர்த் திருத்தம் கேளுங்கள். கேட்க வேண்டியது ஏஜென்டை, ஏர்லைனை அல்ல.

பல்லாவரம்_பயணி
லண்டனானதால தப்பிச்சீங்க. ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல வர்றவங்களை அமீரகம் 2022 நவம்பர்ல இருந்து விடுறதில்லை. வெளியே போகாம வெறும் டிரான்சிட்னா அது வேற கணக்கு. லண்டன்ல செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்தா ஏர்போர்ட்டுக்குள்ளேயே மாறிப் போக தனி டிரான்சிட் விசா வேண்டாம்.

மைல்ஸ்_மச்சான்
இதுக்கெல்லாம் ஏஜென்ட் என்ன பண்ணிடுவாரு? அதே தப்பான பேரை அவரும்தான் அடிப்பாரு, அதுக்கு சர்வீஸ் சார்ஜ் வேற. குக்கி அழிச்சுட்டு செவ்வாய்க்கிழமை ராத்திரி தேடினாலே போதும்.

ஐயாட்டா_அண்ணாச்சி
குக்கியும் கிடையாது செவ்வாயும் கிடையாது மாப்ள. ஒரே எகானமி சீட்டுக்குள்ள பத்துப் பன்னிரண்டு விலைப் படி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. கீழ்ப்படியில ஒரே ஒரு சீட் மிச்சம் இருக்கும்போது நீங்க ரெண்டு பேருக்குத் தேடினா, ரெண்டு பேரையும் மேல்படியில போட்டுத்தான் விலை காட்டும். பத்து நிமிஷம் கழிச்சு ஒருத்தருக்குத் தேடுவீக, குறையும். உடனே குக்கியால குறைஞ்சுதும்பீக. தனித்தனியா போட்டா ரெண்டு பிஎன்ஆரையும் இணைச்சு வைக்கச் சொல்லணும், அத மறந்துருவீக.

மைல்ஸ்_மச்சான்
அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ளைட் ரத்தானா உங்க தெருமுனை ஏஜென்ட் போன் எடுப்பாரா?

ஐயாட்டா_அண்ணாச்சி
எடுக்கலைன்னா காலையில ஷட்டரைத் தட்டலாம். சாட் மெஷினை எங்க போய் தட்டுவீக?

கணக்குப்பிள்ளை
அண்ணாச்சி தன் தொழிலை விட்டுக்கொடுக்க மாட்டார், நியாயம்தான். ஆனால் தெருமுனையிலும் பள்ளம் உண்டு. கடைக்காரர் பலருக்குச் சொந்தமாக டிக்கெட் அடிக்கும் உரிமம் இருக்காது, மொத்த வியாபாரியிடம் வாங்கித் தருவார். மாற்றம் என்றால் இரண்டு கை தாண்டிப் போகும். "போட்டாச்சு" என்று பிஎன்ஆர் மட்டும் காட்டுவார். அது இடம் பிடித்து வைத்தது மட்டும்தான், கெடு முடிந்தால் தானாகக் கலைந்துவிடும். 13 இலக்கம் வந்த பிறகுதான் அது டிக்கெட். கைபேசி எண்ணாகத் தன் எண்ணைப் போட்டுவிடுவார், நேரம் மாறிய செய்தி அவருக்குப் போகும். பயணியின் எண்ணைப் போடச் சொல்லி நின்று வாங்க வேண்டும்.

ஏர்லைன் தளத்தில் நேரடியாகப் போட்டால் இந்தத் தரகு எதுவும் இல்லை. அமெரிக்கா தொடர்புள்ள பயணத்துக்கு, ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது போட்டால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமலே அவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை ஏர்லைன் கொடுத்தாக வேண்டும். பெயர் தப்பென்று அன்றைக்கே தெரிந்திருந்தால் இவருக்கு அதுவே போதும். இணைய ஏஜென்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாணவர் கட்டணம், கப்பல் ஊழியர் கட்டணம், பத்துப் பேர் குழு என்றால் ஏஜென்ட். ஒரு நிறுத்தம், இரண்டு பயணி என்றால் நேரடி. நடுவில் இருப்பவரிடம் ஐயாயிரம் குறைகிறது என்று போவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பல்லாவரம்_பயணி
டிக்கெட் திறந்ததும் வீல்சேரும் சாப்பாடும் பாருங்க. ஏஜென்ட் சைட்ல டிக் பண்ணினது ஏர்லைனுக்குப் போகாமலே இருக்கும். சைவம்னா ஏவிஎம்எல்ங்கற சாப்பாட்டுக் குறியீடு இருக்கணும். "இந்து சாப்பாடு"ன்னு இருக்கிற ஹெச்என்எம்எல் சைவம் இல்லை, அதுல கோழியோ ஆடோ வரும். வீல்சேர் லண்டன்ல மாறுறதுக்கும் டல்லாஸ்ல இறங்குறதுக்கும் சேர்த்துப் பதிவாகி இருக்கணும்.

முனையம்_மூன்று
பெயர்த் திருத்தம் செய்ததும் டிக்கெட்டை மறுபடி அடித்தார்களா என்று கேட்கவும். பிஎன்ஆரில் மட்டும் மாற்றிவிட்டு டிக்கெட்டைத் தொடாமல் விடுவது இணைய ஏஜென்டுகளின் வழக்கம். கவுண்டரில் இரண்டும் பொருந்தாது. ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் "பயன்படுத்தத் திறந்துள்ளது" என்ற நிலை தெரிய வேண்டும்.

காவேரிக்கரை_டல்லாஸ்
எல்லாருக்கும் நன்றி. திருச்சி ஃப்ளைட் மட்டும் ரத்து பண்ணிட்டேன், முழுப் பணம்னு காட்டுது, ஆனா சைட்டோட வாலெட்லன்னு போட்டிருக்கு. கார்டுக்கே கேட்டு எழுதியிருக்கேன். பேருக்கு விசா நகல் அனுப்பியாச்சு, 48 மணி நேரம்னாங்க. அம்மாவுக்கு ஹெச்என்எம்எல்தான் போட்டிருந்தது, மாத்திட்டேன். கார்ல போறாங்க. டிக்கெட் வந்ததும் சொல்றேன்.

ஐயாட்டா_அண்ணாச்சி
நல்லது. புது டிக்கெட் வந்தா நம்பர் மாறி இருக்கும், பழைய பிடிஎஃப்ப அவுக கையில குடுத்து விட்டுராதீக.

ஜன்னலோரம்
ரிட்டர்ன்ல சென்னை - திருச்சியும் அதே மாதிரி தனி பிஎன்ஆர்தானே? லண்டன் ஃப்ளைட் சென்னைல எத்தனை மணிக்கு இறங்குது, நடுவுல எவ்வளவு நேரம் விட்டிருக்கீங்க?