டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் 4.6 காட்டும்போதே இறால் மேலே வருகிறது, ஏரேட்டர்களும் நின்று நின்று ஓடுகின்றன: உதவி தேவை

கேள்வி – இறால் வளர்ப்பவர், தொண்டி அருகே

வணக்கம். கடற்கரையோரம் வெனாமி இறால் குளம் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நீரில் காற்றைக் கலக்கும் 2 எச்.பி. ஏரேட்டர்கள் நான்கு உள்ளன. இதுவரை டைமர் வைத்து ஓட்டிவந்தேன். இந்தப் பட்டத்தில், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்து மோட்டார்களைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அளவு லிட்டருக்கு 4.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நான்கும் ஓடும், அதைத் தாண்டினால் நான்கும் நின்றுவிடும். நள்ளிரவுக்குப் பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார்கள் நின்று நின்று ஓடுவதால் ஒரு காண்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) முனைகள் கருகிவிட்டன. அதைவிடக் கவலையானது, விடியற்காலையில் திரை 4.6 என்று காட்டும்போதே இறால்கள் ஆக்சிஜன் போதாததுபோல் கரையோரம் மேலே வந்து நீந்துகின்றன. நீரில் இறங்கி அளக்கும் உணரியான புரோபை ஏரேட்டருக்குப் பக்கத்திலுள்ள நடைபலகையில் கட்டியிருக்கிறார்கள். பழுது கருவியிலா, அமைப்பிலா?

பதில் – கருவியியல் ஆசிரியர், இராமநாதபுரம்

முதலில் இன்றிரவு கருவியை மேனுவலுக்கு மாற்றி நான்கு ஏரேட்டர்களையும் விடியும்வரை ஓடவிடுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம், இறால் காத்திருக்காது.

உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்று கருதுகிறேன். மோட்டார் நின்று நின்று ஓடுவது, ஓடத் தொடங்குவதற்கும் நிற்பதற்கும் ஒரே எண்ணை வைத்ததால் வருவது. டைமர் குளத்தின் நிலையைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்து இயங்கியது. மேகமூட்டமான நாளில் பாசி போதிய ஆக்சிஜனை உண்டாக்காமல் இரவில் அளவு சீக்கிரமாகவே இறங்கினாலும் அதற்கு அது தெரியாது. புதிய கருவி அளந்து பார்த்து, விளைவுக்கேற்பத் தன் செயலை மாற்றுகிறது. இதையே பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம். வீட்டு ஃபிரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட் ஒரு வெப்பநிலையில் கம்ப்ரசரை ஓட்டி, அதைவிடச் சில டிகிரி குறைந்த வேறொரு வெப்பநிலையில்தான் நிறுத்தும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கம்ப்ரசரும் உங்கள் மோட்டாரைப் போலவே துடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் ஒவ்வொரு முறை நேரடியாகத் தொடங்கும்போதும் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும் என்பதால் காண்டாக்டர் கருகியதில் வியப்பில்லை.

ஆகவே 4.5-இல் ஓடத் தொடங்கி 5.5-இல் நிற்குமாறு வையுங்கள். புரோபையும் இடம் மாற்ற வேண்டும். ஏரேட்டர் அடித்துத் தள்ளும் நீரிலேயே அது இருப்பதால், மோட்டார் ஓடியவுடன் அளவு ஏறிவிடுகிறது, குளத்தின் மற்றப் பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரிவதில்லை. நீரோட்டம் மெதுவாக உள்ள பகுதியில், இறால் வாழும் அடிமட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். அங்கே மாற்றம் தாமதமாகத் தெரியும், அதனால் மோட்டார் தேவைக்குச் சற்று அதிகமாக ஓடும். இறால் குளத்தில் அது பிழையே அல்ல.

இரண்டாவது சிக்கலுக்கு ஒரு விவரம் தேவை. குளத்து நீரின் உப்புத்தன்மை எவ்வளவு? கருவியின் மெனுவில் உப்புத்தன்மை என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது?

கேட்டவர்

ஐயா, உப்பளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வருகிறது. மெனுவில் 0 என்று இருக்கிறது. பொருத்திக் கொடுத்த நாளிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை.

பதில் – கருவியியல் ஆசிரியர்

இறால் மேலே வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும். புரோப் உண்மையில் அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தத்தை. அதை மில்லிகிராமாக மாற்றும் கணக்கைக் கருவி தானே போட்டுக்கொள்கிறது. உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் முழுவதுமாகக் காற்றேற்றப்பட்டால் சுமார் 7.6 மில்லிகிராம் கொள்ளும், 35 பி.பி.டி. கடல்நீர் சுமார் 6.2 மட்டுமே கொள்ளும். உங்கள் கருவி கடல்நீரை நன்னீராக எண்ணிக் கணக்கிடுவதால், திரையில் 4.6 என்று தெரியும்போது குளத்தில் இருப்பது ஏறத்தாழ 3.8 தான். கட்டுப்பாட்டுக் கருவி அளவுமானி சொல்வதை மட்டுமே நம்பும். மானி தவறாகச் சொன்னால், எவ்வளவு நேர்த்தியான அமைப்பும் தவறான அளவையே விடாமல் காத்து நிற்கும்.

மெனுவில் 35 என்று பதிந்துவிட்டு, வேதிச் சோதனைக் கிட்டில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வின்க்லர் முறையில் அமைந்த கிட் நீரிலுள்ள ஆக்சிஜனையே நேரடியாக அளப்பதால் இந்தப் பிழைக்கு அதில் இடமில்லை.

பதில் – எலெக்ட்ரீசியன், தேவிபட்டினம்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புரோபின் ஒயர் அறுந்தாலோ, அளவு நம்ப முடியாத எண்ணைக் காட்டினாலோ மோட்டார்கள் தாமாகவே ஓடத் தொடங்குமாறு ரிலேயை (கருவி இயக்கும் சுவிட்சை) இணைக்க வேண்டும். நான் பார்த்த பல இணைப்புகளில் ஒயர் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி இருந்தது. உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பூத்து அறுவது நம் கரையில் புதிதல்ல. மின்சாரம் போய் வரும்போது நான்கும் ஒன்றாகத் தொடங்காமல் சில நொடி இடைவெளியில் வரிசையாகத் தொடங்கும் டைமரையும் போட்டுவிடுங்கள், ஜெனரேட்டர் தாங்கும்.

கேட்டவர்

உப்புத்தன்மையைப் பதிந்து, புரோபையும் இடம் மாற்றினேன். கிட்டும் திரையும் இப்போது ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் நள்ளிரவில் ஓடத் தொடங்கிய மோட்டார்கள் 5.5-ஐ எட்டாமல் விடியும்வரை ஓடுகின்றன. மின்கட்டணத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில் – கருவியியல் ஆசிரியர்

உண்டு. இரண்டு ஏரேட்டர்கள் இரவு முழுவதும் கட்டுப்பாடு இன்றி ஓடட்டும். நீர் சுழன்று கழிவு நடுவில் சேர்வதற்கும் அது தேவை. மற்ற இரண்டை மட்டும் கருவியின் பொறுப்பில் விட்டு, மூன்றாவது 4.8-இலும் நான்காவது 4.4-இலும் ஓடத் தொடங்கி, இரண்டும் 5.2-இல் நிற்குமாறு வையுங்கள்.

கருவியில் இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். 1922-இல் கப்பல்களின் தானியங்கிச் சுக்கானைப் பற்றி எழுதிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி, நல்ல மாலுமி திசை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டுமன்றி, அது எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் பார்த்தே சுக்கானைத் திருப்புகிறார் என்று கண்டு, அதைக் கணக்காக்கினார். விலகலின் அளவு, அது சேர்ந்துவரும் மொத்தம், அது மாறும் வேகம் ஆகிய மூன்றையும் பார்த்து இயங்கும், இன்று ஆலைகளில் பி.ஐ.டி. என்று வழங்கும் கட்டுப்பாட்டின் அடிப்படை அதில் இருக்கிறது. உங்களுக்கு முழு பி.ஐ.டி. தேவையில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கே அளவு வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால், எல்லையைத் தொடும்வரை காத்திராமல் மூன்றாவது ஏரேட்டரை ஓடவிடுவது அதே அறிவுதான்.

புரோபின் முனையில் பாசிப் படலம் படிந்தால் மேலே சொன்ன எல்லா எண்களும் மீண்டும் பொய்யாகும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை கிட்டுடன் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள்.