ஆன்டிஜென்: ‘எதிர்ப்பொருள் தூண்டி’ போதுமா? (கலைச்சொல் விவாதம்)

நுண்ணுயிரியல் ஆசிரியை, சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாக்டீரியா ஆன்டிஜென் பாடம் மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. வரைவில், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிக்கு ‘எதிர்ப்பொருள்’, அதைத் தூண்டும் கிருமித் துண்டான ஆன்டிஜெனுக்கு ‘எதிர்ப்பொருள் தூண்டி’ என்று போட்டிருக்கிறோம். வரைவைப் படிக்கிறவர்கள் ‘தூண்டி’யை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் சோதனையே தலைகீழாகிவிடும்.

டைபாய்டைக் கண்டறியும் வைடால் சோதனையில் பாட்டிலில் இருப்பது ஆன்டிஜென். தேடுவது நோயாளியின் சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) உள்ள ஆன்டிபாடியை. சிறுநீரில் நிமோனியாக் கிருமியான நிமோகாக்கஸைத் தேடும் அட்டையில் பூசியிருப்பது ஆன்டிபாடி, தேடுவது ஆன்டிஜெனை. ‘எதிர்ப்பொருள் உள்ளது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கண்டது கிருமியின் துண்டையா, அதற்கு உடம்பு கொடுத்த பதிலையா என்று மருத்துவர் எப்படி அறிவார்?

இரண்டு சொற்களும் கண்ணுக்கும் காதுக்கும் வேறாக இருக்க வேண்டும். அட்டவணைக் கட்டம் சிறியது. விக்கிப்பீடியாவின் ‘பிறபொருளெதிரியாக்கி’ அதில் அடங்காது.

தமிழ்த்துறையிலிருந்து

அம்மா, நீளத்தை விடப் பெரிய குறை ‘பிற’ என்பதில் இருக்கிறது. உடம்பு தன் திசுவையே தாக்கும் நோய்களில் ஆன்டிஜென் பிறபொருள் அன்று.

என் பரிந்துரை ‘கிளர்பொருள்’. கிள் என்னும் அடியிலிருந்து கிளர், கிளறு, கிளை, கிளவி எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. உள்ளே கிடப்பதை வெளியே எழுப்புவதே எல்லாவற்றுக்கும் பொதுப்பொருள். மண்ணிலிருந்து எழுவது கிளை, வாயிலிருந்து எழுவது கிளவி. கிளியையும் இதில் சேர்க்கலாம். சொல்லைக் கிளத்தும் பறவை அல்லவா?

இலக்கண ஆர்வலர், மயிலாப்பூர்

> என் பரிந்துரை ‘கிளர்பொருள்’.

கிளியை இப்போதைக்கு விட்டுவிடுவோம் ஐயா. ‘கிளர்பொருள்’ வினைத்தொகை. கிளர்ந்த பொருள், கிளர்கின்ற பொருள், கிளரும் பொருள் என்றுதான் விரியும். கிளர்வது தானே எழுவது, தன்வினை. நமக்கு வேண்டியது பிறிதொன்றை எழுப்புவது. பிறவினை ‘கிளர்த்து’, ஆகவே ‘கிளர்த்தி’ என்பதே சரி. ஐந்தே எழுத்து, கட்டத்தில் அடங்கும். கசையிழைக் (கிருமி நீந்த உதவும் வால் இழை) கிளர்த்தி, உறைக் கிளர்த்தி என்று கூட்டுச்சொல்லும் தடையில்லாமல் வரும்.

ஆய்வக மேற்பார்வையாளர்

சொல்லைத் தேர்வதற்கு முன் பொருள் எவ்வளவு விரிந்தது என்று பாருங்கள்.

டைபாய்டு கிருமியின் ஓ ஆன்டிஜென் சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு, அதாவது கொழுப்போடு இணைந்த சர்க்கரைச் சங்கிலி. கொதிக்க வைத்தாலும் தாங்கும். எச் ஆன்டிஜென் கசையிழைப் புரதம், சூட்டில் கெடும். குழாயில் சீரத்தை 20-இல் ஒன்று முதல் 640-இல் ஒன்று வரை நீர்த்து, ஆன்டிஜெனோடு கலந்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தால், ஆன்டிபாடி இருந்தால் ஓ திரண்டு குறுமணியாக அடியில் படியும். எச் பஞ்சுப் பிசிறு போல மிதந்து நிற்கும், தட்டினால் கலையும். சிலைடு முறையில் ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் உலர்ந்து பொய்த்திரள் காட்டும். பாட்டிலைக் குலுக்காமல் உறிஞ்சினால் மேலே தெளிந்த நீர்தான் வரும், திரள ஒன்றும் இருக்காது. முதல் வாரத்தில் ஆன்டிபாடி போதிய அளவு எழும்பியிராது. அப்போது இரத்த வளர்ப்புச் சோதனைதான் கைகொடுக்கும்.

இதே கிருமியின் விஐ ஆன்டிஜென் வெறும் சர்க்கரைச் சங்கிலி. தடுப்பூசியில் அதைத் தனியாகப் போட்டால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சரியான காப்பு வராது. டெட்டனஸ் டாக்சாய்டோடு (நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதம்) பிணைத்தால் டி செல்கள் எனும் எதிர்ப்பு வெள்ளணுக்கள் துணைக்கு வரும். ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம்.

காசநோய்க்கான மாண்டூ சோதனையில் 0.1 மில்லி டியூபர்குலினைத் (காசநோய்க் கிருமியின் புரதம்) தோலுக்குள் ஏற்றி 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பை அளக்கிறோம். சிவப்பை அளக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவை டி செல்கள். ஆன்டிபாடிக்கு அங்கே வேலை இல்லை. ஹாப்டென் எனும் மிகச்சிறிய மூலக்கூறு ஆன்டிபாடியோடு ஒட்டும், தனியாக எதையும் தூண்டாது. எனவே ‘எதிர்ப்பொருள் தூண்டி’ குழப்பம் தருவது மட்டுமல்ல, பாதி இடங்களில் பிழை. ஹாப்டெனை நினைத்தால் ‘கிளர்த்தி’க்கும் அதே குறை உண்டு.

தமிழ்த்துறையிலிருந்து

மூலச்சொல்லே அந்தக் குறையோடு பிறந்ததுதான். ஹங்கேரிய அறிஞர் லாஸ்லோ டெட்ரே 1899-இல் அதை ஆண்டார். ஆன்டிபாடியைப் பிறப்பிப்பது என்று பின்னர் விளக்கினார். ‘ஜென்’ என்பதற்கு அங்கே பிறப்பிப்பது என்று பொருள், மரபணு அன்று. ‘எதிர்மரபணு’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், தாம்பரம்

கொரோனா காலத்திலேயே ‘ஆன்டிஜென் டெஸ்ட்’ தெருவுக்கு வந்துவிட்டது. பாட்டில் லேபிளிலும் அதுதான் இருக்கிறது. மாணவர் கையில் எடுக்கும் பாட்டிலும் கையேடும் ஒரே சொல்லைச் சொல்லட்டும். ‘கிளர்த்தி’ என்றால் செய்தித்தாள் படிக்கிறவருக்குக் கிளர்ச்சிதான் நினைவுக்கு வரும்.

இலக்கண ஆர்வலர், மயிலாப்பூர்

‘வடவெழுத்து ஒரீஇ’ (வடமொழி எழுத்தை நீக்கி) என்ற தொல்காப்பிய எச்சவியல் விதியை மறந்துவிட்டோமா? ஒலிபெயர்ப்பே வேண்டுமென்றால் ‘ஆன்டிசென்’ என்று எழுதுங்கள். ‘ஜெ’ வேண்டாம்.

நுண்ணுயிரியல் ஆசிரியை

நேரமில்லாததால் முடிவு செய்கிறேன். ஆறு பேர் ‘ஆன்டிஜென்’ பக்கம், மூவர் ‘கிளர்த்தி’ பக்கம். அட்டவணையிலும் செய்முறையிலும் ‘ஆன்டிஜென்’. பாடத்தின் முதல் வரியிலும் சொல்லடைவிலும் ‘கிளர்த்தி’. ஆன்டிபாடி எல்லா இடத்திலும் ‘எதிர்ப்பொருள்’. ‘எதிர்ப்பொருள் தூண்டி’ முழுக்க நீக்கம்.

இலக்கண ஆர்வலர், மயிலாப்பூர்

ஆன்டிபாடிக்குத் தமிழ், ஆன்டிஜெனுக்கு ஆங்கிலம். ஒரே வரியில் இணையாக வரும் இரண்டில் ஒன்றை மட்டும் மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை அம்மா. என் மறுப்பைப் பதிந்து கொள்ளுங்கள். அடுத்த பதிப்பின்போது திரும்பக் கேட்பேன்.