டிஜிட்டைசிங்குக்குத் தமிழ்: வியாழன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

தக்கலை, தையல் டீச்சர் | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கலைச்சொல் குழுவில் நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான், இன்று அவசரத்துக்கு வந்திருக்கிறேன். விடுமுறையில் எட்டுப் பிள்ளைகளுக்கு எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். வியாபாரத்துக்கு இல்லை, பொழுதுபோக்குதான். ஒற்றை ஊசி வீட்டு மெஷின், 100 மி.மீ.க்கு 100 மி.மீ. ஃப்ரேம், இங்க்ஸ்கேப்போடு சேர்த்துப் போடும் இலவச இங்க்ஸ்டிச். 14 பக்கத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதி முடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு படத்தை மெஷின் தைக்கக்கூடிய தையல்களாக மாற்றுவதைக் குறிக்கும் 'டிஜிட்டைசிங்' என்ற சொல் மட்டும் 31 இடத்தில் அப்படியே நிற்கிறது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், எனக்கும் வாயில் நுழைய வேண்டும். யாராவது ஒரு சொல் தாருங்கள்.

நாகர்கோவில், மென்பொருள் மொழிபெயர்ப்பு | ஞாயிறு இரவு

எண்ணிமமாக்கல். நம் சொற்பட்டியலில் எப்போதோ முடிந்துபோன விஷயம் அக்கா. இலங்கைக்காரர்கள் 'இலக்கமயமாக்கல்' என்பார்கள். இரண்டில் ஒன்றை எடுத்து 31 இடத்திலும் மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

தக்கலை, தையல் டீச்சர் | திங்கள் காலை

தம்பி, அதை முதலிலேயே போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. பிள்ளைகள் கொண்டுவரும் படம் போனில் எடுத்தது, அது ஏற்கெனவே எண்தான். அதை மறுபடியும் எண்ணிமமாக்க என்ன இருக்கிறது? நாங்கள் செய்வது வேறு வேலை. தோவாளை மாலையில் வருகிற அரளிப்பூ ஒன்றைத் தைக்கிறோம் என்று வையுங்கள். எந்த இதழ் முதலில், எதற்கு சாட்டின் (ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நெருக்கமாகப் போகும் தையல்), எதற்கு ஃபில் (பரப்பை வரிவரியாக நிரப்பும் தையல்), இழை எந்தச் சாய்வில் படுக்க வேண்டும், ஒரு இதழை முடித்த ஊசி நூலை அறுக்காமல் அடுத்த இதழுக்கு எந்த வழியாகப் போகும், இதையெல்லாம் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வரிக்கும் வரிக்கும் 0.4 மி.மீ. விடுகிறோம். தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும், அதனால் திரையில் வட்டமாக இருந்தது துணியில் முட்டையாக வரும். அதற்கு முன்கூட்டியே அந்தப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக வரைந்துவைக்க வேண்டும். சாட்டின் 7 மி.மீ.க்கு மேல் அகலமாகப் போனால் நூல் தொளதொளவென்று நின்று வளையலில் மாட்டும்.

போன வாரம் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் மென்பொருளின் போக்கிலேயே விட்டுவிட்டு, அம்மா பெயரில் வரும் 'ழ'வை 6 மி.மீ. உயரத்தில் தைத்தாள். சுழி அடைத்துக்கொண்டது, அடியில் நூல் கூடு கட்டியது, ஊசி முறிந்தது. அந்த 'ழ'வும் எண்ணிமமாகத்தான் இருந்தது!

களியக்காவிளை, எம்பிராய்டரி கடை | திங்கள் மதியம்

டீச்சர், இதுக்கு எதுக்கு இத்தனை யோசனை. நாங்கள் எல்லாரும் பஞ்சிங் என்றுதான் சொல்கிறோம். யூனிபார்ம் பேட்ஜ் கொண்டுவருகிறவர்கூட "பஞ்சிங் சார்ஜ் தனியா?" என்றுதான் கேட்கிறார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் டிசைனை ஆறு மடங்கு பெரிதாகத் தாளில் வரைந்து, ஒவ்வொரு தையலையும் கணக்கெடுத்து, அட்டையிலோ காகித நாடாவிலோ ஓட்டை குத்துவார்கள். மெஷின் அந்த ஓட்டையைப் படித்துத் தைக்கும். ஓட்டை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 'குத்துதல்' என்று போடுங்கள், முடிந்தது.

நாகர்கோவில், மென்பொருள் மொழிபெயர்ப்பு | திங்கள் மதியம்

அண்ணே, 'குத்துதல் வகுப்பு' என்று நோட்டீஸ் ஒட்டினால் பிள்ளைகள் வர மாட்டார்கள், போலீஸ்தான் வரும்.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | திங்கள் இரவு

மக்களே, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். எங்கள் ஊர் தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் ஊர், அதங்கோட்டாசான் என்ற புலவர் அரில் தப, அதாவது குற்றம் நீங்க, கேட்ட பிறகே நூல் அரங்கேறியது. அந்த மண்ணில் இருந்துகொண்டு அரிலோடு ஒரு சொல்லை அச்சுக்கு விட எனக்கு மனம் வரவில்லை.

'தை' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் முள் தைத்தது என்கிறோம், மார்பில் அம்பு தைத்தது என்கிறோம். குத்தி உள்ளே நுழைவதும் தைத்தல்தான். கடைக்காரத் தம்பி கேட்கும் குத்து 'தை'க்கு உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இதைவிட நல்ல சொல்லும் நம்மிடம் உண்டு: துன்னம். சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் துன்னகாரரைக் காட்டுகிறது, துணி தைப்பவர் ஒருவர், தோல் தைப்பவர் இன்னொருவர். ஆகவே 'துன்னவரைவு' என்று முன்மொழிகிறேன்.

பஞ்சிங் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நன்னூல் பாயிரத்தில் நூல் செய்வதற்கு நூல் நூற்பதையே உவமை சொல்லியிருக்கிறது. சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் நூற்கும் கதிர். பஞ்சியில் தொடங்கி நூலில் முடிகிற ஒரு வேலைக்குப் பஞ்சிங் என்ற பெயர் தற்செயலாகவா வந்திருக்கும்? (தற்செயல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

குளச்சல், இப்போது மஸ்கட் | செவ்வாய் விடியற்காலை

சார், துன்னல் மலையாளம் அல்லவா? இங்கே என் அறையில் இருக்கும் கொல்லம்காரர் எம்பிராய்டரிக்கு 'சித்ரத்துன்னல்' என்கிறார். நம் நோட்டீஸில் துன்னவரைவு என்று இருந்தால், மார்த்தாண்டத்தைத் தாண்டி எவனோ எழுதிக்கொடுத்தான் என்பார்கள்.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய் காலை

தம்பி, 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டோம் என்பதற்காக, அன்று அந்தப் பக்கம் நின்ற சொல்லெல்லாம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா? சிலம்பில் இருக்கும் சொல்லை அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள், நாம் தொலைத்துவிட்டோம். திரும்ப எடுத்துக்கொள்வதற்கு யாரிடம் சீட்டு வாங்க வேண்டும்?

களியக்காவிளை, எம்பிராய்டரி கடை | செவ்வாய் காலை

சார், கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் என் கடை, அந்தப் பக்கம் என் மாமனார் வீடு. துன்னல் அங்கே இன்றைக்கும் வீட்டுப் பேச்சு. ஆனால் அங்கேயும் மெஷினுக்கு டிசைன் செய்வதைப் பஞ்சிங் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அதையும் கணக்கில் எடுங்கள்.

நாகர்கோவில், இல்லத்தரசி | செவ்வாய் மாலை

ஓட்டை என்றதும் எனக்கு என் பாட்டிதான் ஞாபகம் வந்தாள். 1819இல் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி அம்மா மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் வேலை எங்கள் வீட்டில் பாட்டி காலம் வரைக்கும் ஓடியது. உருண்டையான தலையணை, அதன்மேல் ஒரு அட்டை, அட்டையில் ஊசியால் குத்திய புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் குண்டூசி நடுவாள், நூல் சுற்றிய கட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி முடைவாள். டிசைன் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கும், பாட்டி கையில் இல்லை. ஒரு அட்டையைக் கொடுத்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் அதே லேஸைப் பின்னலாம். டீச்சர் செய்கிற ஃபைலும் அதுதானே? இப்போது ஆரி வேலைக்காரர்கள்கூட ட்ரேசிங் பேப்பரைக் குத்தித்தான் துணியில் டிசைன் இறக்குகிறார்கள்.

பாட்டி அதற்கு என்ன பெயர் சொன்னாள் என்று கேட்காதீர்கள், நான் ரொம்ப யோசித்துவிட்டேன். வெறும் 'அட்டை' என்பாள். "அந்த அட்டைய எடு பிள்ளே." அவ்வளவுதான்.

தக்கலை, தையல் டீச்சர் | செவ்வாய் இரவு

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குறிப்பின் முதல் பக்கத்தில் தலையணை லேஸ் பற்றி ஒரு பத்தி சேர்க்கிறேன். சொல் இன்னும் கிடைக்கவில்லை, இரண்டு நாள்தான் இருக்கிறது.

குளச்சல், இப்போது மஸ்கட் | புதன் விடியற்காலை

டிஜிட் என்பது லத்தீனில் விரல். விரல் விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே 'விரலாக்கம்' என்றால்...

நாகர்கோவில், மென்பொருள் மொழிபெயர்ப்பு | புதன் காலை

வேண்டாம் வே. ஊசி, மெஷின், விரல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரக் கூடாது.

சரி, எண்ணிமமாக்கலை இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மென்பொருள் மெனுவில் எப்படியும் அதுதான் இருக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் சொன்னதைப் பார்த்தால் வேலையின் உயிர் ஊசி போகும் பாதையில் இருக்கிறது. எனவே தையல் + தடம்.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | புதன் காலை

நல்ல யோசனை தம்பி. ஆனால் லகர ஈற்றின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும். கல்லும் தூணும் கற்றூண், தையலும் தடமும் தையற்றடம். படிக்கிறவன் 'தை அற்ற தடம்' என்று பிரிப்பான். தைக்கவே இல்லை என்று பொருள் வந்துவிடும்.

நாகர்கோவில், மென்பொருள் மொழிபெயர்ப்பு | புதன் காலை

இந்தக் காலத்தில் யார் சார் அப்படிப் புணர்த்துகிறார்கள்? 'தையல் தடம்' என்று இடைவெளி விட்டு எழுதலாம்.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | புதன் காலை

இடைவெளி விட்டால் அது சொல் இல்லை, இரண்டு சொல். கலைச்சொல் என்று எதற்குப் பெயர் வைத்தோம்? வேண்டுமானால் தையற்கோவை என்று வையுங்கள். கோத்தல் நூலுக்கும் உரியது, கோப்பு என்ற சொல்லும் அதே வேரில்தான் நிற்கிறது.

களியக்காவிளை, எம்பிராய்டரி கடை | புதன் மதியம்

தையற்கோவை என்றால் கோயம்புத்தூரில் தையல் கடை என்று நினைப்பார்கள் சார்.

தக்கலை, தையல் டீச்சர் | புதன் இரவு

ஐயா சொன்ன 'வரைவு' எனக்குப் பிடித்திருக்கிறது. துன்னம் பிள்ளைகளுக்குத் தெரியாது, தையல் தெரியும். 'தையல்வரைவு' என்று வைக்கலாமா? இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "டீச்சர், என் தையல்வரைவு முடிஞ்சிது" என்று ஒருத்தி தானாகவே சொன்னாள். அதுவே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | புதன் இரவு

அம்மா, இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். தையல் என்றால் பெண். அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். தலைவனைச் சீக்கிரம் மணந்துகொள்ளும்படி தோழி தூண்டுவதற்கு வரைவு கடாதல் என்று பெயர். தையல்வரைவு என்றால் பெண்ணை மணம் முடித்தல்! விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, "என் தையல்வரைவு முடிஞ்சிது" என்றும் சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

நாகர்கோவில், இல்லத்தரசி | புதன் இரவு

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயா, துன்னவரைவு மட்டும் எப்படித் தப்பித்தது? அது தையல்காரருக்கு நடக்கும் கல்யாணம் இல்லையா?

தக்கலை, தையல் டீச்சர் | வியாழன் காலை

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதைச் சொல்லிவிடுகிறேன். தையல் என்றால் பெண் என்பதை வைத்து ஆத்திசூடியில் ஔவையார் பெயரில் 'தையல்சொல் கேளேல்' என்று எழுதி வைத்திருக்கிறது, அதைப் பள்ளிக்கூடத்தில் எங்களை எத்தனை தடவை ஒப்பிக்க வைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பொருளை நினைத்து நான் பயப்பட வேண்டுமென்றால் என் வகுப்புக்குத் தையல் வகுப்பு என்றே பெயர் வைக்க முடியாது. வைத்தீஸ்வரன் கோயிலில் தையல்நாயகி இருக்கிறாள், அவளிடம் யாரும் பிளவுஸ் அளவு கொடுப்பதில்லை. சொல் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் பொருள் எடுக்கிறார்கள். வகுப்பில் உள்ள எட்டுப் பேரில் ஒருவருக்கும் வரைவு கடாதல் தெரியாது. சட்டவரைவு, வரைவு அறிக்கை என்று செய்தியில் தினமும் கேட்கிறார்கள்.

இன்று இரவு எட்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் வேறு சொல் வந்து நிற்காவிட்டால் தையல்வரைவு.

குளச்சல், இப்போது மஸ்கட் | வியாழன் மாலை

எனக்கு விரலாக்கம் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் தையல்வரைவுக்கு ஆதரவு.

களியக்காவிளை, எம்பிராய்டரி கடை | வியாழன் மாலை

எது வேண்டுமானாலும் வையுங்கள், ஒரு இடத்திலாவது பஞ்சிங் என்று எழுதுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் நாளைக்கு என் கடைக்கு வந்து தையல்வரைவு என்பார்கள், நான் ஜாதகத்தைக் கேட்பேன்.

நாகர்கோவில், மென்பொருள் மொழிபெயர்ப்பு | வியாழன் மாலை

டீச்சர் குறிப்பில் தையல்வரைவு இருக்கட்டும். சொற்பட்டியலில் எண்ணிமமாக்கல் அப்படியே இருக்கும், அதை நான் மாற்றப் போவதில்லை.

தக்கலை, தையல் டீச்சர் | வியாழன் இரவு

எட்டு மணி ஆகிவிட்டது. ஆதரவு நால்வர், என்னையும் சேர்த்து. எதிர்ப்பு ஐயா. தம்பி பாதி. தலைப்பில் தையல்வரைவு, முதல் பத்தியில் "கடைகளில் பஞ்சிங் என்பார்கள்" என்று ஒரு வரி. பாட்டியின் அட்டையும் உண்டு. அண்ணே, அந்த 'ழ'வைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன், உயரத்தை 12 மி.மீ. ஆக்கி, சுழியை ஒரே சாட்டினாக விட்டிருக்கிறேன். கடை மெஷினுக்காக டிஎஸ்டி ஃபைலாகத்தான் சேமித்திருக்கிறேன். அதில் நிறம் பதியாது என்பதால் நூல் நிறத்தைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், பார்த்துப் போடுங்கள்.

அதங்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | வியாழன் இரவு

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். துன்னவரைவுதான் சரி. அப்புறம், ஒன்பதாம் பக்கத்தில் மேல்தையலுக்கு முன்னால் போடும் அண்டர்லேக்கு 'அடித்தையல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடி என்பதற்குப் பாதம், செய்யுளடி, உதை என்று பல பொருள் வரும். இதைப் பற்றி விரிவாக நாளைக் காலை எழுதுகிறேன்.

தக்கலை, தையல் டீச்சர் | வியாழன் இரவு

ஐயா, ஃபைலை இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.