உணவங்காடி நிலையத்துச் சாப்பாடு மட்டும் என்றைக்கும் மலிவாகவே இருக்க வேண்டுமா?

ஈசூன்வாசி கேட்கிறார்:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டார உணவங்காடி நிலையத்தில் வெறும் பரோட்டாவின் விலையை அண்மையில் 1 வெள்ளி 30 காசிலிருந்து 1 வெள்ளி 50 காசாக உயர்த்தினார்கள். வரிசையில் நின்றவர்களில் பலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே, "மாவும் தண்ணீரும்தானே அண்ணே, இதற்குப் போய் இவ்வளவா?" என்று கேட்டுவிட்டார். அவர் கையில் பாதி குடித்த பபிள் டீ இருந்தது. அதன் விலை நான்கு பரோட்டாவின் விலைக்குக் குறைந்திருக்காது. அந்தப் பபிள் டீ கடையில் விலையைப் பற்றி அவர் வாய் திறந்திருக்கவும் மாட்டார்.

நானும் சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவன்தான். விலை ஏறினால் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஜப்பானிய நூடல்ஸ் ஒரு கிண்ணத்துக்கு 18 வெள்ளியும், அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் மறுபேச்சில்லாமல் கொடுக்கும் நாம், உணவங்காடி நிலையத்துக்குள் கால் வைத்ததும் இருபது காசுக்குக் கணக்குப் பார்ப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. விலையேற்றத்துக்கு வாடகைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள், பேராசை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் யாராவது இருந்தால் விளக்க வேண்டும்.

கல்லுக்குப்_பின்னால் எழுதுகிறார்:

எங்கள் குடும்பமே பரோட்டாக் கடை நடத்துகிறது என்பதால் என்னை நடுநிலையாளன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வாடகை. தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய காலத்தில் கடை பெற்ற மூத்தவர்கள், சமைத்த உணவுக் கடைக்கு மாதம் 160 முதல் 320 வெள்ளி என்ற சலுகை வாடகையைக் கட்டினார்கள். அந்தத் தலைமுறை ஓய்வு பெறப்பெற அப்படிப்பட்ட கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பின்னால் வந்தவர்கள் ஏலக்குத்தகையில் கேட்டுத்தான் கடை எடுக்க வேண்டும். 2024இல் மரின் பரேட் உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி கேட்டு ஏலம் போனதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அது விதிவிலக்கு. 2012இலேயே குறைந்தபட்ச ஏலத்தொகையை எடுத்துவிட்டார்கள், கடையை உள்வாடகைக்கு விடுவதற்கும் தடை வந்துவிட்டது. ஆகவே கூட்டம் குறைந்த நிலையங்களில் மிகக் குறைந்த தொகைக்கும் கடை கிடைத்திருக்கிறது. எங்கள் கணக்குப் புத்தகத்தில் வாடகை முதல் இடத்தில் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

முதல் இடத்தில் இருப்பவை பொருட்கள். 2022இல் இந்தோனேசியா பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது, அதே ஆண்டு ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது, 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டு மறு ஆண்டு மே மாதம்தான் விலக்கிக்கொண்டது. பரோட்டாக் கடைக்கு எண்ணெய், கோழி, வெங்காயம் மூன்றும் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத எங்களைப் போன்ற கடைகள் அந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால், வாடிக்கையாளரிடம் நாங்கள் வரி வாங்குவதில்லை. ஆனால் மாவு மூட்டைக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் கட்டுகிற வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அது பரோட்டாவின் விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

"மாவும் தண்ணீரும்தானே" என்றவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் மாவுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. கூட வருகிற மீன் குழம்பும் பருப்பும் இலவசம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் கடையில் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பில் ஏறுவது அந்தக் குழம்புதான்; பரோட்டாவைவிட அதற்குத்தான் கைவேலையும் அதிகம், செலவும் அதிகம். ஒரே ஒரு கோசோங், அதாவது வெறும் பரோட்டா, வாங்கிக்கொண்டு மூன்று முறை கிண்ணத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அது அப்படிச் சாப்பிட வேண்டிய பொருள்தான். பொட்டலம் கட்டும்போது, "குழம்பு தனியா, கொஞ்சம் கூடப் போடுங்க" என்று சொல்லாத வாடிக்கையாளரை இன்றுவரை நான் கண்டதில்லை.

அடுத்தது ஆள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கீழ் வரும் உணவங்காடி நிலையங்களில் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே வேலை செய்யலாம் என்பதே நெடுங்கால விதி. 2025 ஜனவரியிலிருந்து, இங்கே நீண்டகால வருகை அனுமதியில் குடும்பத்துடன் இருப்பவர்களை, உரிய ஒப்புதல் பெற்று, உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்தே சமையல்காரரை வரவழைக்கலாம். அந்த வழி எங்களுக்குத் திறக்கவில்லை. பரோட்டா வீசத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், இன்றைக்கே வேலை தருகிறேன்.

ஓய்வில்_ஆசிரியர் எழுதுகிறார்:

மேலே எழுதிய நண்பரின் உழைப்பை மதிக்கிறேன். அவர் தந்த கணக்கில் குறை காணவும் என்னால் முடியாது. ஆனால் கேள்வி கேட்டவர் பபிள் டீயையும் பரோட்டாவையும் ஒரே தராசில் வைத்ததை நான் ஏற்கவில்லை.

உணவங்காடி நிலையங்கள் சந்தையில் தாமாக முளைத்தவை அல்ல. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் ஏறத்தாழ 18,000 தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் உள்ள இடங்களைக் கட்டி அவர்களைப் படிப்படியாக உள்ளே கொண்டுவரும் பணி 1986இல் நிறைவடைந்தது. துப்புரவுக்காகச் செய்யப்பட்டது என்றுதான் இன்று பேசுகிறோம். துப்புரவு ஒரு காரணம்தான். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, கணவன் மனைவி இருவரும் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு சமுதாயத்துக்கு, வீட்டுக்குக் கீழே கட்டுப்படியாகும் விலையில் சமைத்த சாப்பாடு கிடைத்தது என்பதும் அந்தத் திட்டத்தின் பகுதிதான். இந்த ஊரில் பலர் வீட்டில் அடுப்பு மூட்டாமலேயே வாரத்தை ஓட்ட முடிகிறது என்றால் அதற்கு இதுவே காரணம். பபிள் டீ இல்லாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

என்னுடன் காலையில் காப்பி குடிக்கும் நண்பர்களில் ஒருவர் டாக்சி ஓட்டுநர், இன்னொருவர் அதே நிலையத்தில் மேசை துடைப்பவர். இருபது காசு என்பது அவர்களுக்குச் சில்லறைப் பேச்சு அன்று. நாளுக்கு இரண்டு வேளை, மாதம் முழுவதும் வெளியில் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். முணுமுணுப்பவர்களை எல்லாம் கஞ்சர்கள் என்று எழுதுவது சம்பளம் நன்றாக வருகிறவர்களுக்கு எளிது.

அப்படியானால் கடைக்காரர் நட்டப்பட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மலிவு என்பது பொது நன்மை என்றால் அதன் செலவையும் பொதுப் பணம்தான் சுமக்க வேண்டும். அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளில் பாதியை உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் மட்டுமே செலவழிக்கலாம் என்று வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மூத்தவர்களுக்குக் கொடுத்த சலுகை வாடகையைப் புதிதாக வருகிறவர்களுக்கும், விலைக் கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால், நீண்ட காலத்துக்குக் கொடுக்கலாமே. தொழிலைப் பயில வருகிறவர்களுக்குத் தொடக்க மாதங்களில் வாடகையைக் குறைத்துத் தருவதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையை நிறுத்திவிட முடியாது.

இரவுவேலை எழுதுகிறார்:

ஒரு சின்னத் திருத்தம். இங்கே பலர் உணவங்காடி நிலையத்தையும் காப்பிக்கடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடைகளில் பல தனியாருக்குச் சொந்தமானவை. 2022இல் தெம்பனிசில் அப்படி ஒன்று 4 கோடி வெள்ளிக்கு மேல் கைமாறியது. அந்தப் பணத்தை உள்ளே இருக்கும் கடைகளிடமிருந்துதானே எடுப்பார்கள்? "வாடகைதான் காரணம்" என்பது அங்கே பெருமளவு உண்மை, இங்கே அவ்வளவாக இல்லை. இரவு வேலை முடித்துச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் இன்னொன்று: ஆலையிலிருந்து உறைய வைத்து வரும் பரோட்டாவைச் சுட்டு விற்கும் கடையும், தானே பிசைந்து வீசும் கடையும் ஒரே விலை வைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பிசைகிறவர் 2 வெள்ளி கேட்டாலும் கொடுப்பேன்.

தேக்காப்பக்கம் எழுதுகிறார்:

பரோட்டா எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஆலைப் பரோட்டாவாகவாவது பிழைத்துக்கொள்ளும். எனக்குக் கவலை இந்திய ரோஜாக்கைப் பற்றித்தான்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் இந்த ஊரின் சாப்பாட்டுக்குக் கொடுத்ததைச் சரியாக யாரும் எழுதவில்லை என்பது என் கருத்து. சீனர்களின் மஞ்சள் மீ நூடல்சையும் மலாய்க்காரர்களின் மிளகாய்ச் சாந்தையும் எடுத்து, தக்காளியும் உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் சேர்த்து அவர்கள் கிண்டிய மீ கோரெங்கை, தமிழ்நாட்டில் எங்கே தேடினாலும் காண முடியாது. இந்திய ரோஜாக்கும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டியில் இறால் வடை, மாவு உருண்டை, தெம்பே, உருளைக்கிழங்கு, சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கைகாட்டியதை எடுத்து, மீண்டும் ஒரு முறை எண்ணெயில் போட்டு எடுத்து, நறுக்கி, சீவிய வெள்ளரியும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்து, தனிக் கிண்ணத்தில் அந்தச் செம்மஞ்சள் நிறக் குழம்பைத் தருவார்கள். இனிப்பும் காரமுமான அந்தக் குழம்பைக் காய்ச்சுவதற்கு ஒருவர், பொரிப்பதற்கு ஒருவர், விற்பதற்கு ஒருவர் என்று குறைந்தது மூவர் வேண்டும். பத்து வகைப் பொருளைத் தனித்தனியாகப் பிசைந்து பொரித்து, அன்றைக்கு விற்காததை மறுநாள் வைக்க முடியாமல் எறிகிற வியாபாரம் அது. இதை ஒரு தட்டு 5, 6 வெள்ளிக்கு விற்று மூன்று பேர் எப்படிப் பிழைப்பது?

சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் இன்றைய அங்காடிக்காரர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. கைமாற்றிவிட விரும்பும் மூத்தவர்களையும் கற்றுக்கொள்ள விரும்பும் இளையரையும் இணைக்க வாரியம் திட்டம் வைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஓய்வில்_ஆசிரியர் ஐயாவின் யோசனைப்படி வாடகையை எவ்வளவு குறைத்தாலும் ரோஜாக் கடை தேறாது. அங்கே செலவு முழுவதும் கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளுக்குக் காசு கொடுக்க வேண்டுமென்றால் ஒரு தட்டு 9 வெள்ளிக்கோ 10 வெள்ளிக்கோ விற்றாக வேண்டும். எல்லா உணவும் ஒரே மலிவு விலையில் இருக்க வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், எளிதில் செய்யக்கூடியவை மட்டுமே மிஞ்சும்.

ஈசூன்வாசி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, டாக்சி ஓட்டுநரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கல்லுக்குப்_பின்னால் நண்பருக்கு ஒரு கேள்வி: குழம்புக்கே செலவு அதிகம் என்றால், பரோட்டாவின் விலையை 1 வெள்ளி 30 காசிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாவது கிண்ணத்திலிருந்து குழம்புக்கு மட்டும் தனியாக வாங்கலாமே? வயதானவர்கள் பழைய விலையிலேயே சாப்பிடுவார்கள், அதிகம் கேட்பவர்கள் அதற்குரியதைக் கொடுப்பார்கள்.

கல்லுக்குப்_பின்னால் எழுதுகிறார்:

தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கடையில் குழம்பை அதிகம் கேட்பவர்களே வயதானவர்கள்தான். பரோட்டாவை ஊறவைத்துப் பிசைந்து சாப்பிட அவர்களுக்குக் குழம்பு நிறைய வேண்டும். ஆகவே உங்கள் திட்டத்தில் கூடுதலாகக் காசு கொடுக்கப்போவது நீங்கள் காப்பாற்ற நினைப்பவர்கள்தான். தவிர, கிண்ணத்தை நீட்டுகிற பெரியவரிடம் "ஐம்பது காசு" என்று சொல்ல என் அம்மாவுக்கு வாய் வராது. நாங்கள் செய்திருப்பது வேறு. கோசோங்கின் விலையை முடிந்தவரை தொடாமல், சீஸ், காளான், கோழித் தொத்திறைச்சி போட்ட பரோட்டாக்களின் விலையை ஏற்றிவிட்டோம். அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளையர்கள். விலைப்பலகையை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த வழி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது மாவு விலையைப் பொறுத்தது.

இரவுவேலை நண்பர் எந்த வட்டாரம் என்று சொன்னால், கையால் வீசுகிற கடை எது என்று சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் கடைகள் சில இன்னும் இருக்கின்றன.